திரும்பப் பெற்ற வழக்கு மீண்டும் வருமா?

நீதிமன்றப் படியேறிய ஒருவர், வெற்றியோ தோல்வியோ காணாமல் இடையிலேயே இறங்கிவர இயலுமா? இயலும். உரிமையியல் வழக்கைத் தொடுத்த வாதி, தாமே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அதே வழக்குடன் மீண்டும் படியேற முடியுமா என்பதுதான் கேள்வி.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 23-ஆம் கட்டளையில் இதற்கு விடை கூறுகிறது. மீண்டும் வழக்குத் தொடுக்க அனுமதி பெறாமல் விலகியவர், அதே பொருள் குறித்துப் புதிய வழக்குத் தொடுக்க முடியாது. எதிர்த்தரப்பின் செலவையும் அவர் ஏற்க நேரலாம்.

அனுமதி கேட்டால் உடனே கிடைத்துவிடுமா? கிடைக்காது. முறைசார்ந்த ஏதேனும் குறையால் வழக்குத் தோற்றே தீரும் என்றோ, புதிய வழக்குக்குப் போதிய காரணம் உண்டு என்றோ நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும். சான்றாக, அரசின்மீது வழக்குத் தொடுப்பவர், அவசர நிவாரணத்துக்காக நீதிமன்ற அனுமதி பெற்றாலன்றி, இரண்டு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். அதைத் தராமல் தொடுத்த வழக்கில் உள்ளது முறைசார்ந்த குறை. வாதியின் உரிமை மெய்யானதா, பொய்யானதா என்பது அங்கே ஆராயப்படவே இல்லை.

‘சாட்சி மாறிவிட்டார், தீர்ப்பு நமக்குப் பாதகமாக வரும் போலிருக்கிறது’ என்பது அத்தகைய குறையன்று. அதற்கெல்லாம் அனுமதி தந்தால், வக்கீலுக்குப் பணம் கொடுத்து, வாய்தாவுக்கு வாய்தா அலைந்த பிரதிவாதியின் கதி என்ன? ஆகவேதான் அனுமதி தரும்போதும், செலவுத்தொகை கட்ட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை நீதிமன்றம் விதிக்கலாம்.

அனுமதி பெற்றவரும் அயர்ந்துவிடலாகாது. காலவரையறையைப் பொறுத்தமட்டில், முதல் வழக்குத் தொடுக்கப்படவே இல்லை என்று கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். புரோநோட்டுக் கடனுக்குக் கெடு மூன்று ஆண்டுகள். இரண்டாம் ஆண்டில் வழக்குப் போட்டு நான்காம் ஆண்டில் அனுமதியோடு திரும்பப் பெற்றவர், இடையில் கடனாளி எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொள்ளவோ பகுதி செலுத்தவோ இல்லையெனில், கையில் உத்தரவு இருந்தும் கடனை இழப்பார். நீதிமன்றத்துக்கு அதிகாரவரம்பு இல்லாமை போன்ற குறைகளுக்காக விலகியவருக்கு மட்டும், நல்லெண்ணத்துடனும் உரிய கவனத்துடனும் வழக்கை நடத்தியிருந்தால், அந்தக் காலத்தைக் கழித்துத் தருகிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம்.

எனவே, வழக்கைத் திரும்பப் பெறும் மனுவில் கையொப்பமிடுமுன் பார்க்க வேண்டியவை இரண்டு: மீண்டும் தொடுக்க அனுமதி கேட்கப்பட்டிருக்கிறதா? கெடு முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?