ஒரு மணி நேரத்து இடிமழை

கத்திரி வெயில் காலத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல், திருவண்ணாமலையிலிருந்து வடமேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் பார்த்தால் சில நாட்களில் வெள்ளை மேகமொன்று கண்ணெதிரே கொப்பளித்து உயர்வது தெரியும். கிரிவலப் பாதைக் கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்குள் குளிர்காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடும். மழை அதற்குப் பிறகுதான். வானிலை அறிக்கைகளில் இதற்குப் பெயர் வெப்பச்சலன மழை.

தரையருகே சூடான ஈரக்காற்று லேசாகி மேலேறுகிறது. போகப் போகக் குளிர்ந்து, நீராவி துளியாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அந்த வெப்பமே காற்றை மேலும் உந்துகிறது. அண்ணாமலையின் உயரம் சுமார் 814 மீட்டர். இம்மேகத்தின் உச்சியோ 15 கி.மீ.யை எட்டி, அதற்கு மேல் வழியில்லாமல் தட்டையாகப் பரவும்.

ஆனால் ஆயுள் குறைவு. 1946, 47-இல் அமெரிக்காவில் இடிமேகங்களுக்குள்ளேயே விமானங்களைச் செலுத்தி ஆராய்ந்த ஹோரஸ் பையர்ஸ், ராஸ்கோ பிரஹாம் குழு அதன் வாழ்க்கையை மூன்று கட்டங்களாக வகுத்தது. மழை, தன்னைப் பெற்ற மேலெழு காற்றின் மீதே விழுகிறது. குளிர்காற்றையும் கீழே இழுக்கிறது. கடைக்காரர் முகத்தில் அறைந்தது அதுதான். ஈரக்காற்று வரும் வழி அடைபட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேகம் ஓய்ந்துவிடும்.

சுழற்காற்றை ஈனும் இடிமேகம் இந்தத் தற்கொலையிலிருந்து தப்பிய மேகம்.

வங்கத்தின் கோடைப் புயலான கால்பைசாகியைப் பாருங்கள். கீழே வங்கக் கடலின் ஈரக்காற்று தெற்கிலிருந்து வரும். உயரத்தில் மேற்குக் காற்று வேகமாக வீசும். இந்த வேறுபாட்டால் மழை ஒதுங்கி விழ, மேலெழு காற்று மணிக்கணக்கில் நிலைக்கிறது. அதே வேறுபாடு தரையருகே காற்றைச் சப்பாத்திக் கட்டைபோல் கிடையாக உருட்டவும் செய்கிறது. மேலெழு காற்று அந்த உருளையை நிமிர்த்திவிட்டால் மேகமே சுழலும். கீத் பிரௌனிங் 1962-இல் இதற்கு 'சூப்பர்செல்' என்று பெயரிட்டார். சுழலும் மேகமெல்லாம் தரையைத் தொடுவதில்லை. தரையருகே உள்ள சுழற்சி மேல்நோக்கி இழுபட்டு ஒடுங்கும்போதுதான் வேகம் பயங்கரமாகிறது. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் அப்படியொரு சுழற்காற்று சுமார் 1,300 பேரைக் கொன்றது. 2024 மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டம் மைனாகுரியில் சில நிமிடங்களில் வீடுகள் சரிந்தன.

திருவண்ணாமலையில் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் குறைவில்லை; கோடையில் உயரத்து மேற்குக் காற்றுக்குத்தான் அந்த வலு இல்லை. இங்கே அஞ்ச வேண்டியவை மின்னலும் மரத்தை முறிக்கும் இறங்கு காற்றும். நடுப்பகலில் வறண்ட ஏரியில் சருகைச் சுழற்றிக்கொண்டு ஓடும் காற்று வேறு சாதி. அதற்கு மேகமே தேவையில்லை.