கண்ணைச் சுரண்டாமல் கிருமியைப் பார்ப்பது எப்படி?

எபிசோட்டில் அவசரமாகத் தாண்டிப்போன அகந்தமீபா பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். இது குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் ஒற்றைக்கல உயிரி. கொன்டாக்ட் லென்ஸோடு குளித்தால், நீந்தினால், கோர்னியாவுக்குள், அதாவது கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற படலத்துக்குள் அது புகுந்துவிடலாம். தென்கிழக்கு இங்கிலாந்தில் 2011க்குப் பிறகு இந்தத் தொற்று ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது எண்டு மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை ஆய்வு 2018இல் சொன்னது.

ஆரம்பத்தில் இது ஹெர்பிஸ் தொற்று மாதிரியே தெரியும். மருந்து மாறினால் பார்வையே போகலாம். கோர்னியாவைச் சுரண்டி ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க நாட்கள் எடுக்கும். சிலவேளை ஒண்டுமே வளராது.

இதுக்குத்தான் கொன்ஃபோகல் மைக்ரோஸ்கோப். ஊசித்துளை அளவு வாசல் ஒன்றை வைத்து, குவியத்தில் இருக்கிற மெல்லிய அடுக்கின் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுகிறது; மற்றதெல்லாம் வெளியே. யோசனை 1957இல் மார்வின் மின்ஸ்கி காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. ஓம், அதே ஏஐ மின்ஸ்கிதான்! விறைப்புச் சொட்டு விட்டு, ஜெல் தடவிய மூடியைக் கண்ணில் மெதுவாகத் தொடுவார்கள். 10 முதல் 25 மைக்ரோன் அளவான அகந்தமீபாக் கூடுகள் பளிச்சென்ற வட்டங்களாகத் தெரியும். ஆனால் ஒரு படத்தில் விழுவது 0.4 மில்லிமீட்டர் சதுரம்தான். பக்டீரியா இன்னும் சின்னது, அதைப் பிடிக்க ஏலாது.

ஓசிடி ஸ்கேன் வேறு. அது வெளிச்சத்தால் எடுக்கிற அல்ட்ராசவுண்ட் மாதிரி. கண்ணைத் தொடாமலே, அரை மில்லிமீட்டர் தடிப்பான கோர்னியாவின் குறுக்குவெட்டைக் காட்டும். கெராட்டோகோனஸுக்கு அருமை, கிருமியைத் தேட உதவாது.

இந்த மைக்ரோஸ்கோப்பை எவ்வளவு நம்பலாம்? பதில் மதுரையிலிருந்து வந்தது. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசினும் அரவிந்த் கண் மருத்துவமனையும் சேர்ந்து 239 நோயாளிகளைப் பார்த்தார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. அங்கே பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. உண்மையில் பூஞ்சை இருந்தவர்களில் சுமார் 86 வீதத்தினரையும், அகந்தமீபா இருந்தவர்களில் 88 வீதத்தினரையும் படம் கண்டுபிடித்தது. நல்ல எண்கள்தான், ஆனாலும் சிலர் தப்பிவிடுகிறார்கள். அதனால் சுரண்டல் பரிசோதனை இன்னும் ஓய்வு பெறவில்லை.

லென்ஸ் போடுறவர்களுக்குக் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே வலித்தால், உடனே கழற்றிவிட்டு அவசரக் கண் பிரிவுக்குப் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கொண்டுபோங்கள், அதையும் சோதிக்கலாம்.