லக்கலக் கித்துளும் பரீட்சை ஆங்கிலமும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கனவோடு ஐஎல்ட்ஸ் அகாடமிக் பரீட்சைக்கு உட்காருபவர்களை எழுத்துத் தாளின் முதல் கேள்வி சிலவேளை கதிகலங்க வைத்துவிடும். வரைபடமோ அட்டவணையோ வரும் என்று தயாராகிப் போனால் செங்கல் சூளையின் படம் வந்திருக்கும், அல்லது சீமெந்து ஆலை. களிமண் தோண்டுவதில் தொடங்கி லொறியில் ஏற்றுவது வரை அம்புக்குறிகள். குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். அதற்கு 20 நிமிடம் ஒதுக்கச் சொல்வார்கள். சொந்தக் கருத்துக்கு இடமில்லை. படத்தில் நடப்பதைச் சொன்னால் போதும்.

டியூட்டரிகளில் இதற்கு ஒரே மருந்துதான்: எல்லாவற்றையும் பெஸிவ் வொய்ஸில், அதாவது செயப்பாட்டுவினையில் எழுது. பாதி சரி. களிமண்ணைத் தோண்டியது யார் என்று பரீட்சகருக்குத் தெரிய வேண்டியதில்லை. "தி க்ளே இஸ் டக்" என்றால் முடிந்தது. மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுக்காததால்தான் "தி ஸ்டீம் இஸ் ரைஸன்" போன்ற விபரீதங்கள் விடைத்தாளில் பிறக்கின்றன. நீராவியை யாரும் தூக்கிவிடுவதில்லை. அது தானே எழுகிறது.

இந்த மீதிப் பாதியைப் படிக்க மாத்தளை மாவட்டத்து லக்கல தோதான இடம். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரத்தை விட்டுப் புதிய நகரத்துக்கு இடம்பெயர்ந்த பிரதேசம் இது. பெரிய ஆலைகள் கிடையாது. ஆனால் நக்கிள்ஸ் மலையடிவாரக் கிராமங்களில் கித்துள் மரம் உண்டு, அதிலிருந்து பாணியும் கருப்பட்டியும் செய்யும் கைத்தொழிலும் உண்டு. எந்த ஆலைப் படத்துக்கும் குறையாத உற்பத்தி முறை அது.

மரத்தில் ஏறிப் பாளையைப் பக்குவப்படுத்துகிறார்கள். நுனியை மெல்லிய சீவலாகச் சீவி முட்டி கட்டுகிறார்கள். பதநீர் சொட்டுச் சொட்டாக ஊறுகிறது. காலையும் மாலையும் இறக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் பாளையைப் புதிதாகச் சீவுகிறார்கள். சும்மா விட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதால் முட்டிக்குள் ஹல் மரப்பட்டைத் துண்டு போடுவது இலங்கையில் பழைய வழக்கம். பிறகு வடித்து, அகன்ற பாத்திரத்தில் விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள். பதநீர் பொங்குகிறது, சுண்டுகிறது, பாணியாகிறது. இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் ஆறி இறுகிக் கருப்பட்டியாகிறது.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். சீவுகிறார்கள், இறக்குகிறார்கள், வடிக்கிறார்கள், காய்ச்சுகிறார்கள், ஊற்றுகிறார்கள்: இவற்றை மனிதர் செய்கிறார். ஊறுகிறது, புளிக்கிறது, பொங்குகிறது, சுண்டுகிறது, இறுகுகிறது: இவை பொருளுக்குத் தானாக நடப்பவை. முதல் வரிசை பெஸிவுக்குப் போகும். இரண்டாவது வரிசையை அப்படியே விட வேண்டும்.

தமிழ் பேசுகிறவருக்கு இது புதுப் பாடமே அல்ல. வாடு என்றால் ஒன்று, வாட்டு என்றால் வேறு. உருள், உருட்டு, ஆறு, ஆற்று, உலர், உலர்த்து. பள்ளிக்கூடத்தில் தன்வினை பிறவினை என்று மனப்பாடம் செய்து மறந்ததுதான். ஆங்கிலத்திலோ போய்ல், ட்ரை, கூல், ஹார்டன் என்ற ஒரே சொல் இரு வேலையும் பார்க்கிறது. அதனால்தான் அங்கே தடுமாற்றம். எழுதுமுன் அதே செயலை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'காய்ச்சுகிறார்கள்' என்று வந்தால் "இஸ் போய்ல்ட்". 'கெட்டியாகிறது' என்று வந்தால் "திக்கன்ஸ்". இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேரும்போது ஆங்கிலம் அழகாக ஓடும்: "தி சேப் இஸ் போய்ல்ட் அன்டில் இட் திக்கன்ஸ்". அடுத்தது: "தி சிரப் இஸ் போர்ட் இன்டு கோகனட் ஷெல்ஸ், வெயர் இட் ஹார்டன்ஸ்". ரைஸ், ஒக்கர், டிஸப்பியர் போன்றவற்றுக்கு பெஸிவ் வடிவமே இல்லை.

சில இடங்களில் இரண்டுமே சரி. மரத்தடி முட்டியில் மறந்துவிட்ட பதநீர் தானே புளிக்கிறது: "ஃபெர்மென்ட்ஸ்". தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்தை நேரம் பார்த்துப் பரப்பிப் புளிக்க வைக்கிறார்கள்: "ஆர் ஃபெர்மென்டட்". (இரசாயனப்படி அங்கே நடப்பது புளிப்பு அல்ல, ஒட்சியேற்றம், தொழிலில் பழகிய பெயர் மாறவில்லை.)

தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. சீவி, இறக்கி, வடித்து, காய்ச்சி என்று எச்சங்களைக் கோத்து, கடைசியில் ஒரு வினைமுற்றை வைத்து வாக்கியத்தை முடித்துவிடுவோம். இந்தப் பழக்கத்தில் "ஆஃப்டர் போய்லிங் தி சேப், தி சிரப் இஸ் போர்ட்" என்று எழுதினால், பதநீரைப் பாணியே காய்ச்சியதாக அர்த்தம் வரும். "ஆஃப்டர் தி சேப் ஹேஸ் பீன் போய்ல்ட்" என்று திருத்தினால் தீர்ந்தது. "பை" போட்டு ஆளைச் சொல்வதும் பெரும்பாலும் வீண். இயந்திரத்தைச் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் போடலாம். மரமேறுகிறவர் வாக்கியத்திலிருந்து மறைந்துபோவது எனக்கு உவப்பில்லைதான். ஆனாலும் 20 நிமிடத்தில் அவருக்காக வாதாட நேரமில்லை.

இலக்கணம் எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் குறைகிறதென்றால் மொத்தப் பார்வை விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்னுரைக்கு அடுத்து, மொத்தம் எத்தனை கட்டம், எதில் தொடங்கி எதில் முடிகிறது என்று இரண்டு வாக்கியம் அவசியம். கித்துளுக்கு என்றால் பாளை சீவுவதில் தொடங்கிச் சிரட்டைக் கருப்பட்டியில் முடிகிறது என்பதும், இடையில் பாணி கிடைக்கிறது என்பதும் போதும். ஹல் பட்டையை அங்கே கொண்டுவர வேண்டாம். அது அடுத்த பந்திக்கான விவரம்.