கீற்றோன் உணவிற் கொழுப்பும் புரதமும்

உணவுப் பொருள்களுள் காபோவைதரேற்று, கொழுப்பு, புரதம் என்னும் மூன்றுமே உடலுக்குச் சத்தி தருவன. சோறும் அப்பமும் கிழங்கும் உண்பவர் தமக்கு வேண்டிய சத்தியிற் பெரும்பகுதியைக் காபோவைதரேற்றிலிருந்தே பெறுகின்றனர். அதனை மிகச் சுருக்கிக் கொழுப்பை மிகப் பெருக்கும் உணவுமுறை கீற்றோன் உணவு எனப்படும். உடல் மெலிய விரும்புவோர் பலர் இன்று அதனைக் ‘கீற்றோ’ என்னும் பெயரால் அறிவர். சோற்றை விலக்கி, இறைச்சியும் முட்டையும் வேண்டியமட்டும் உண்பதே இம்முறை என்பது அவர்களுட் பலர் கொண்ட கருத்து. அது பிழையான கருத்தாகும். காபோவைதரேற்றைச் சுருக்குதல் முதற்படி மட்டுமே. அதன்பின் கொழுப்புக்கும் புரதத்துக்கும் இடையே அமையும் அளவே இம்முறையின் உயிர்நிலை. இவ்வுண்மையை அதன் வரலாறும் உடலின் தொழிற்பாடும் ஒருங்கே காட்டுகின்றன.

இவ்வுணவு உடல் மெலிதற்கென எழுந்ததன்று. வலிப்பு நோயுற்ற சிறுவரைக் காத்தற்பொருட்டு எழுந்தது. உண்ணாதிருப்பின் வலிப்புத் தணியும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. 1911 இல் பாரிசு நகரத்து மருத்துவர்களான குயெல்பா, மரி என்னும் இருவரும் இதனை நோயாளரிடத்து ஆராய்ந்து வெளியிட்டனர். ஆயின், வளரும் பிள்ளையை எத்துணை நாள் பட்டினியிட இயலும்? 1921 இல் அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த றசல் வைல்டர் இதற்கு வழி கண்டார். பட்டினியின்போது குருதியிற் பெருகும் கீற்றோன்களை உணவைக்கொண்டே பெருக்கினால், உண்ணாமையின் பயனை உண்டும் பெறலாம் என்பது அவர் கருத்து. அந்நிலையத்தைச் சேர்ந்த பீற்றர்மன் என்பார் 1925 இல் அளவுகளை வகுத்தார். உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒரு கிராம் புரதம். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை காபோவைதரேற்று. எஞ்சிய சத்தியனைத்தும் கொழுப்பு. இவற்றுள், பிள்ளையின் நிறைகொண்டு அளக்கப்பட்டது புரதம் என்பது நோக்கத்தக்கது.

இனிக் கீற்றோன் என்பது யாது எனக் காண்போம். காபோவைதரேற்றுக் குறையுங்கால் குருதியில் இன்சுலின் தாழும். உடலின் கொழுப்பு உருகிக் கொழுப்பமிலங்களாக ஈரலை அடையும். ஈரல் அவற்றின் ஒரு பகுதியைக் கீற்றோன்களாக மாற்றிக் குருதியில் விடும். நீண்ட சங்கிலியையுடைய கொழுப்பமிலங்களை மூளை தன் எரிபொருளாக ஏற்பதில்லை, கீற்றோன்களையோ ஏற்கும். பல வாரம் உண்ணாதிருந்தோரை ஆராய்ந்தபோது, மூளை தனக்கு வேண்டிய சத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கீற்றோன்களிலிருந்து பெற்றமை 1967 இல் வெளிப்பட்டது.

இந்நிலையைக் கெடுக்க வல்லது காபோவைதரேற்று ஒன்றே எனக் கருதலாகாது. புரதமும் அதனைக் கெடுக்கக்கூடும். புரதம் சமிபாடடைந்து அமினோவமிலங்களாகின்றது. அவற்றுள் லியூசீன், இலைசீன் என்னும் இரண்டும் கீற்றோன் வழியே செல்வன. ஏனையவற்றிற் பெரும்பாலானவை ஈரலிற் குளுக்கோசாக மாறத்தக்கவை. அன்றியும், புரதம் மிகுந்த உணவு இன்சுலினையும் ஓரளவு தூண்டும். அமெரிக்க மருத்துவரான உட்யற் வகுத்த பழைய கணக்கு முறையில், 100 கிராம் புரதத்தில் 58 கிராம் குளுக்கோசின் பக்கத்திலும், 46 கிராம் கீற்றோனின் பக்கத்திலும் வைத்து எண்ணப்பட்டன. கொழுப்பிலோ பத்தில் ஒன்பது பங்கு கீற்றோனின் பக்கத்ததாகும். ஆகவே, புரதம் இரு பக்கமும் சாரும் இயல்பினது. அளவு மிகுந்தாற் கீற்றோன் குறையும்.

அங்ஙனமாயின் புரதத்தை மிகக் குறைத்துவிடலாமே எனின், அதுவும் ஆகாது. தசையும் எலும்பும் நொதியங்களும் புரதமின்றி அமையா. வலிப்பைத் தணிக்கும் உணவே பிள்ளையின் வளர்ச்சியைத் தடுக்குமாயின் அம்மருத்துவத்தாற் பெறும் பயன் குறைவே. இவ்விரு இடர்களுக்கும் இடையிலேதான் மருத்துவர் கணக்கிடுகின்றனர். மரபு முறையில், புரதமும் காபோவைதரேற்றும் சேர்ந்து ஒரு கிராமாயின் கொழுப்பு நான்கு கிராம் வேண்டும். கொழுப்புக் கிராமொன்று 9 கிலோகலோரியும் ஏனையவை 4 கிலோகலோரியும் தருவதால், இத்தகைய ஓர் அலகு 40 கிலோகலோரி தரும். 15 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1200 கிலோகலோரி வேண்டுமெனக் கொள்வோம். அது 30 அலகாகும். எனவே கொழுப்பு 120 கிராம். ஏனைய இரண்டும் சேர்ந்து 30 கிராம். அதிற் புரதம் 15 கிராம் எனின், காபோவைதரேற்றுக்கு எஞ்சுவதும் 15 கிராமே. சத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கொழுப்பிலிருந்து வருகின்றது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உளது. ஆகவே மூன்று முட்டை உண்டாலே அப்பிள்ளையின் அளவு கடந்துவிடும்.

புரத மிகுதியால் வரும் கேட்டுக்கு வேறொரு சான்றும் உண்டு. வடதுருவப் பகுதிகளில் இனுயிற்று மக்களோடு வாழ்ந்த ஆராய்ச்சிப் பயணி ஸ்ரெபான்சன், 1928 இல் நியூயோக்கிலுள்ள பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் இறைச்சியுணவு உண்ணத் தொடங்கினார். முதலிற் கொழுப்பற்ற இறைச்சி மட்டும் கொடுக்கப்பட்டபோது, சில நாட்களுக்குள்ளேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் அவரை வருத்தின. கொழுப்புச் சேர்த்தபின் அவை நீங்கின. அவரும் அவர் தோழர் அண்டர்சனும் ஓராண்டளவு அவ்வுணவிலேயே நலமாக இருந்தனர். புரதத்தின் நைதரசனை யூரியாவாக்கி அகற்ற ஈரலுக்குள்ள ஆற்றல் எல்லையுடையது. கொழுப்பற்ற முயலிறைச்சியை மட்டும் உண்டு நலிவோரின் நோயை வடபுலத்தார் ‘முயற்பட்டினி’ எனவே வழங்கினர்.

1938 இல் பெனிற்றோயின் என்னும் மருந்து வலிப்புக்குப் பயன்படுமென அறியப்பட்டபின் இவ்வுணவு பெரிதும் கைவிடப்பட்டது. எனினும் மருந்துக்கு அடங்காத வலிப்பு எஞ்சியே நின்றது. 1971 இல் ஹற்றன்லோக்கர் என்பார், தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கத்தக்க நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைப் பயன்படுத்தினார். அது விரைவிற் கீற்றோனாவதால், பிள்ளைக்குப் புரதமும் காபோவைதரேற்றும் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க இடமுண்டாயிற்று. 2008 இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வொன்றில், மருந்துக்கடங்காத வலிப்புற்ற 145 சிறுவர் சேர்க்கப்பட்டனர். மூன்று மாதத்தின்பின், இவ்வுணவுக்கென வகுக்கப்பட்டவருள் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்புப் பாதிக்குமேற் குறைந்தது. வழக்கமான உணவு உண்டவருள் நூற்றுக்கு அறுவருக்கே அங்ஙனம் குறைந்தது. மலச்சிக்கல், சிறுநீரகக் கல், வளர்ச்சித் தளர்வு ஆகிய தீங்குகளும் நேரக்கூடுமாதலின், சுண்ணச்சத்தும் விற்றமின்களும் தனியே கொடுத்துப் பிள்ளையின் உயரத்தையும் நிறையையும் இடையறாது கவனித்தல் வேண்டும்.

உடல் மெலிய விரும்பும் வளர்ந்தோருக்கு இத்துணைக் கடுமையான அளவு வேண்டியதில்லை. அவர்க்குப் பொதுவாகக் கூறப்படும் புரத அளவு கிலோகிராமுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரையாகும். 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம். இதனிற் குறைந்தால் தசை தேயும். கொழுப்பையோ வேண்டியவாறு கூட்டலாம், குறைக்கலாம். வலிப்புற்ற பிள்ளை கொழுப்பை உணவிலிருந்தே பெறல் வேண்டும். மெலிய விரும்புவோர்க்கு அவர்தம் உடலிற் சேர்ந்துள்ள கொழுப்பும் எரிபொருளாகும். ஆதலால் வெண்ணெயை அள்ளி உண்பதும், கொழுப்பை அறவே அஞ்சி இறைச்சியை மட்டும் பெருக்குவதும் ஒருங்கே தவறாகும்.

இன்சுலின் குறைபாட்டால் நீரிழிவுற்றோருக்குக் கீற்றோன் கட்டின்றிப் பெருகிக் குருதியை அமிலமாக்கி உயிருக்கே இடர் செய்யக்கூடும். சிறுநீரக நோயுடையோருக்குப் புரத மிகுதியும் தீங்காகும். இவர்கள் மருத்துவரைக் கேளாது இம்முறையைத் தொடங்குதல் கூடாது. ஏனையோரும் முதலிற் புரதத்தின் அளவைத் தம் நிறைகொண்டு வரையறுத்து, அடுத்துக் காபோவைதரேற்றைச் சுருக்கி, கொழுப்பை ஈற்றில் அமைத்துக்கொள்ளுதலே முறையாகும்.