மலைத்தோட்டத்து உணவும் மீனின் கொழுப்பும்



சப்பிரகமுவ மலைச்சாரலில், கடற்கரையை விட்டு வெகு தொலைவில் உள்ளது றக்வான. அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடு, நெத்தலி, டின் மீன் என்பனவே. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் வந்தால் அவையும் விலக்கப்படும். மீனை அறவே தொடாத குடும்பங்களும் உள. இவர்கள் ஏதேனும் ஒரு சத்தை இழக்கின்றனரா என்பதே இன்று நாம் ஆராயும் வினா.

1929ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்னும் தம்பதியர் கொழுப்பு நீக்கிய உணவை எலிகளுக்குக் கொடுத்து வந்தனர். எலிகளின் தோல் செதிலுற்றது, வளர்ச்சி குன்றியது. உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பமிலங்கள் உண்டு என்பது அதனாற் புலனாயிற்று. ஒமேகா மூன்று என்பது அத்தகைய அமிலங்களின் ஒரு குலம்.

அக்குலத்தில் ஆல்பா லினோலெனிக் அமிலம் தாவரங்களில் உள்ளது. ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் இரண்டும் மீனில் மிகுதி. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டுவது டி.எச்.ஏ. ஆனால் மீனும் அவற்றைப் பெரும்பாலும் தானே ஆக்குவதில்லை. கடலின் நுண்பாசிகள் ஆக்கியவை, சிறு மீன் வழியே பெரு மீனை அடைகின்றன.

தாவர அமிலத்தை நம் உடல் மற்றிரண்டாகவும் மாற்றவல்லது. எனினும் அதில் ஒரு சிறு பங்கே ஈ.பி.ஏ. ஆகின்றது, டி.எச்.ஏ. ஆவது அதனினும் குறைவு. ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று முற்றும் ஈடாகாது.

இனி அடுக்களையைப் பார்ப்போம். தேங்காயெண்ணெயில் ஒமேகா மூன்று இல்லையென்றே சொல்லலாம். நல்லெண்ணெயில் மிகுந்திருப்பது ஒமேகா ஆறு. சோயா அவரையில் இச்சத்து உண்டு. ஆனால் கடையில் விற்கும் சோயா மீட், எண்ணெய் பிழிந்தெடுத்த மாவினாற் செய்யப்படுவதால், அதில் மிகக் குறைவு. கீரைகளில் சிறிதளவு உண்டு. ஆளிவிதையே தலையாயது. பொடித்த ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 1.6 கிராம் தாவர அமிலம் உள்ளது. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குப் போதுமென அமெரிக்க வல்லுநர் வகுத்த அளவும் அதுவே. முழு விதை செரியாமலே வெளியேறக்கூடுமாதலின், பொடித்தே உண்ணல் வேண்டும்.

மீன் உண்போருக்கு விலையுயர்ந்த மீன் தேவையில்லை. சாளை, நெத்தலி போன்ற சிறு மீன்களே சிறந்தவை. உடவளவை நீர்த்தேக்கத்துத் திலாப்பியா நல்ல புரத உணவேயாயினும், இக்கொழுப்பில் கடல் மீனுக்கு ஈடாகாது. கருவாட்டின் உப்பை நீரில் ஊறவைத்து நீக்குக. சுறா போன்ற பெரு மீன்களில் பாதரசம் சேர்வதால் கருவுற்ற பெண்கள் அவற்றைத் தவிர்த்தல் நன்று.

கருவுற்ற தாய்க்கு நாளொன்றுக்கு ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து 300 மில்லிகிராம், அதில் டி.எச்.ஏ. மட்டும் 200 மில்லிகிராமேனும் வேண்டுமென 2008ஆம் ஆண்டில் கூடிய உலக வல்லுநர் குழு கூறியது. மீன் உண்ணாத தாய்மார் கிளினிக்குக்குச் செல்லும்போது அதனை மருத்துவமாதிடம் மறவாது சொல்லவேண்டும். நுண்பாசியினின்று எடுத்த எண்ணெயும் இன்று உண்டு. மீனைத் தொடாமலே அச்சத்தைப் பெற அது வழி செய்கின்றது. நோன்பைக் கைவிட வேண்டுவதில்லை. கருவில் வளரும் குழந்தைக்குரிய பங்கை மட்டும் மறந்துவிடலாகாது.