பி.காம். மாணவனும் எம்.சி.ஏ. படிப்பும்

குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்கு என்னோடு பேருந்தில் வரும் நண்பன் பி.காம். இறுதியாண்டு மாணவன். "எம்.சி.ஏ. எல்லாம் கணிப்பொறி படித்தவர்களுக்குத்தானே?" என்றான் ஒரு நாள். நம்மில் பலரும் அவ்வாறே எண்ணி, விண்ணப்பம்கூட வாங்காமல் இருந்துவிடுகிறோம்.

உண்மை வேறு. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன் தலைமையிலான குழுவே இப்படிப்பைப் பரிந்துரைத்தது. பொறியியல் படிக்காத பட்டதாரிகளையும் கணிப்பொறித் துறைக்குக் கொண்டு வருவது அதன் நோக்கங்களுள் ஒன்று. தொடக்கத்தில் 3 ஆண்டுப் படிப்பு. 2020-21 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அதை 2 ஆண்டாகக் குறைத்தது.

பட்டப்படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 45. தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழிச் சேர, அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை எழுத வேண்டும். இறுதியாண்டில் இருப்போரும் எழுதலாம். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்கோ நிம்செட் என்னும் தனித்தேர்வு. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே இப்படிப்பு உண்டு.

சிக்கல் கணிதத்தில்தான். மேல்நிலையிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. அகில இந்தியக் குழு இதைத் தளர்த்தி, கணிதம் படிக்காதோர்க்கு இணைப்புப் பாடம் கட்டாயம் என்றது. ஆயினும் கணிதம் வேண்டும் என்று வற்புறுத்தும் நிறுவனங்கள் உண்டு. ஆகவே ஒவ்வொரு விளக்கக் குறிப்பேட்டையும் தனித்தனியே படிக்க வேண்டும். வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஏற்கப்படுமா என்று எழுதிக் கேட்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் வணிகக் கணிதத்தை விட்டு வரலாற்றை எடுத்தவன் நான். அந்தத் தேர்வு இத்தனை தூரம் துரத்தும் என்று அன்று எனக்குச் சொல்வாரில்லை.

சரி, உள்ளே என்னதான் கற்பிக்கிறார்கள்? நம் செட்டிநாட்டுக் கணக்கு முறையைக் கொண்டே இதை விளக்கலாம். அன்றாட வரவு செலவைக் கணக்குப்பிள்ளை நடந்த வரிசையில் குறிப்பில் எழுதுவார். பின் ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவார். ஒருவர் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ஆண்டு முழுவதையும் புரட்ட வேண்டியதில்லை. அவர் பக்கத்தைத் திறந்தால் போதும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே செய்தியை இருமுறை எழுத வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் ஐந்தொகை இடிக்கும். எதை எப்படி அடுக்கினால் விரைவில் கிடைக்கும், பாதிப் பதிவில் மின்சாரம் நின்றால் இரண்டும் பிசகாமல் காப்பது எப்படி என்பனவே தரவமைப்பு, தரவுத்தளம் ஆகிய பாடங்களின் உயிர்நாடி. நிரல் எழுதும் மொழி அதற்கு ஒரு கருவி மட்டுமே, மொழிகள் மாறும். இயக்க முறைமை, வலையமைப்பு, மென்பொருள் பொறியியல் ஆகியனவும் உண்டு. இறுதிப் பருவத்தில் ஒரு முழுச் செயல்திட்டம். பிறருக்குப் பயன்படும் ஒன்றை முடித்துக் காட்ட வேண்டும்.

நம்மவர்க்கு முதல் பருவம்தான் கடினம். கணிப்பொறிப் பட்டதாரி மூன்றாண்டுகளில் பழகிய நிரலாக்கத்தை நாம் இணைப்புப் பாடத்தில் சில மாதங்களில் எட்டிப் பிடிக்க வேண்டும். எனவே ஏதேனும் ஒரு நிரல்மொழியை இவ்விடுமுறையிலேயே தொடங்குவது நல்லது. நண்பனும் நானும் சி மொழியில் தொடங்கியிருக்கிறோம். வட்டிக் கணக்கு நிரல் மட்டும் இன்னும் தவறான விடையே தருகிறது.