எருக்குவியலில் வெப்பம் ஏன்?

ஆடிக் கிருத்திகையில் திருத்தணி மலைக்கு மலர்க்காவடிகள் திரண்டு வருகின்றன. விழாவுக்குப் பின் எஞ்சும் வாடிய மலர்களைச் சாணத்துடனும் தழையுடனும் கலந்து குவித்தால், சில நாட்களில் குவியலின் உட்புறம் 55 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும்.

இச்சூட்டை உண்டாக்குவன பாக்டீரியா முதலிய நுண்ணுயிர்களே. கழிவை மட்கச் செய்யும்போது அவை வெப்பத்தை வெளிவிடுகின்றன. சூடு ஏற ஏறச் சாதாரண வகைகள் ஒடுங்க, வெப்பம் விரும்பும் வகைகள் பெருகுகின்றன. காரணம் யாது? முட்டையின் வெண்கரு சூட்டில் உறைவதுபோல், சாதாரண பாக்டீரியாவின் புரதங்களும் சூட்டில் கெட்டுவிடும். பல தலைமுறைகளாக மரபணுக்களில் தற்செயலாக நேர்ந்த மாறுதல்களுள், புரதங்களை இறுக்கமாகவும் உயிரணுவின் உறையை உறுதியாகவும் ஆக்கியவை சூடான இடங்களில் நிலைபெற்றன. அத்தன்மை வழிவழியாக வந்தது. 1960களில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில், 70 டிகிரியில் செழித்து வளரும் பாக்டீரியாவைத் தாமஸ் பிராக் என்னும் அறிஞர் கண்டறிந்தார்.

இவ்வெப்பமே பெரும்பாலான களை விதைகளையும் நோய்க்கிருமிகளையும் அழிக்கிறது. சூடேறாத குவியலின் எரு, களையை வயலுக்கே கொண்டு சேர்க்கும். ஆகவே நெகிழிப் பொருள்களை நீக்கி, மூன்றடிக்குக் குறையாமல் குவித்து, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிடுதல் வேண்டும். ஊராட்சிகள் இதனை மேற்கொள்ளின், விழாக் கழிவு விளைநிலத்திற்கு உரமாகும்.